கியர்பாக்ஸுக்குள்ள ரோஸ்மில்க்

போன மே மாசம் வல்லத்திராக்கோட்டைக்கு, மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பையைக்கூட இறக்கி வைக்கல. மாமா கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவி என் முகத்துக்கு நேரா நீட்டினார். "மாப்ள, இது என்னன்னு பாரு."

ரோஸ்மில்க். நிறமும் அதேதான், நுரையும் அதேதான்.

வண்டி 1964 இம்பாலா. ஏதோ ஒரு தூதரகத்துல ஓடி, அப்புறம் எஸ்.டி.சி. வழியா கைமாறி, கடைசியா தாத்தாகிட்ட வந்தது. அந்தக் காலத்துல வெளிநாட்டு அதிகாரிகளோட கார்கள் விலைக்கு வந்த வழி அதுதான். வண்டியில பவர்கிளைடுன்னு ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ரெண்டே ரெண்டு கியர். அதுக்குள்ள இருக்கிற எண்ணெய் சர்பத் மாதிரி தெளிவான சிவப்பா இருக்கணும். பால் மாதிரி கலங்கிப் போச்சுன்னா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். உள்ள இருக்கிற கிளட்ச் தகடுகள்ல ஒட்டியிருக்கிற லைனிங், தண்ணியில ஊறினா உரிஞ்சு வந்துடும். அம்பாசடர்னா புதுக்கோட்டையிலேயே கியர்பாக்ஸைப் பிரிச்சு மாட்ட ஆள் இருக்கு. பவர்கிளைடுக்கு யார்கிட்ட போறது? மாமாவோட பயம் அதுதான்.

சரி, கியர்பாக்ஸுக்குள்ள தண்ணி எப்படி வரும்? இங்கதான் வரலாறு வருது.

கிளட்ச் பெடல் இல்லாத இந்த வண்டியில, எஞ்சின் சுத்தறதை கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோறது எண்ணெய்தான். ஒரு விசிறி எண்ணெயை வீசுது, எதிர்ல இருக்கிற இன்னொரு விசிறி அதை வாங்கிச் சுத்துது. 1905ல ஹெர்மன் ஃபோட்டிங்கர்ங்கிற ஜெர்மன்காரர் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். கார்களுக்காக இல்ல, கப்பல்களுக்காக! 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்ல ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக்கைக் கொடுத்தப்போதான் ஆட்டோமேட்டிக் கியர் பெரிய அளவுல விற்பனைக்கு வந்தது. ரெண்டு விசிறிக்கும் நடுவுல வழுக்கல் இருந்துகிட்டே இருக்கும். வழுக்கினா சூடு. சுமார் 80 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் எண்ணெயோட ஆயுசு பாதியாகும்னு மெக்கானிக்குகள்கிட்ட ஒரு பழைய கணக்கு உண்டு.

அந்தச் சூட்டைக் குறைக்க, எஞ்சின் ரேடியேட்டரோட டேங்குக்குள்ளேயே ஒரு சின்ன குழாயைப் புதைச்சாங்க. குழாய்க்கு உள்ள எண்ணெய், வெளியில ரேடியேட்டர் தண்ணி. நடுவுல மெல்லிசா ஒரு உலோகச் சுவரும் அதோட பற்றவைப்பும் மட்டும்தான்.

இந்த எண்ணெய்க்கு ஜெனரல் மோட்டார்ஸ் 1949ல 'டைப் ஏ'ன்னு ஒரு தரம் வகுத்தது, 1967ல 'டெக்ஸ்ரான்' வந்தது. அந்த எண்ணெய்கள்ல ஒரு முக்கியமான சரக்கு ஸ்பெர்ம் திமிங்கலத்தோட எண்ணெய்! சூட்டுலயும் கெடாது, கிளட்ச் தகடு உதறாம வழுவழுன்னு பிடிக்க வைக்கும். பேப்பர்ல 'திமிங்கல உமிழ்நீர் கடத்தல், மூணு பேர் கைது'ன்னு அடிக்கடி வருதே, அந்த அம்பர்கிரிஸ் கிடைக்கிறதும் இதே திமிங்கலத்துகிட்ட இருந்துதான்.

1970ல அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கலத்தை அழியும் உயிரினப் பட்டியல்ல சேர்த்தது. எண்ணெய் கம்பெனிகள் மாற்று தேடி ஓடின. நம்ம ஷாம்பு பாட்டில்ல போட்டிருக்குமே ஹோஹோபா, அதுக்கு அப்போ மவுசு வந்ததும் இதனாலதான். அடுத்து வந்த டெக்ஸ்ரான்-2ல திமிங்கலம் இல்ல. ஆனா ரேடியேட்டருக்குள்ள இருந்த கூலரோட பற்றவைப்பை அது அரிக்க ஆரம்பிச்சது. சுவர் ஓட்டையானா தண்ணி எண்ணெய்ல கலக்கும். அரிப்பைத் தடுக்கிற மருந்தைச் சேர்த்து, எண்ணெயைத் திரும்பவும் மாத்தி எழுத வேண்டியிருந்தது.

ஆபீஸ்ல ஒரு பழைய லைப்ரரியைத் தூக்கினா, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு மூலையில சர்வர் விழுமே, அதே கதை. திமிங்கல எண்ணெயை உராய்வுக்காகத்தான் சேர்த்தாங்க. அது இருந்த வரைக்கும் பற்றவைப்பு பிழைச்சிருந்ததுன்னு தூக்கின பிறகுதான் தெரிஞ்சது.

எங்க இம்பாலாவுல நடந்தது அது இல்ல. இது 60 வருஷத்துத் துரு, அவ்வளவுதான். ஆனா பலவீனமான இடம் அதே சுவர்தான். அதனால, எண்ணெய் இனிமே ரேடியேட்டர் பக்கமே போகக்கூடாது, கூலரைத் தனியா வெளியில வைக்கலாம்னு சொன்னேன். மாமா ஒத்துக்கல. "தாத்தா வண்டியில இல்லாத ஒண்ண மாட்டுவியா?" ரெண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. குளிர் தேசத்துல எண்ணெய் சீக்கிரம் சூடாகணும், அதுக்கு ரேடியேட்டர் உதவும். நம்ம ஊரு மே மாசத்துக்கு அது எதுக்குன்னு கேட்டேன். கடைசியில, பாடியில ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாதுங்கிற நிபந்தனையோட சரின்னார்.

கடையில மலிவா கிடைக்கிறது ஒரே குழாய் வளைஞ்சு வளைஞ்சு போற ரகம். நான் தகடு அடுக்கின ரகம் வாங்கினேன். அதே அளவுல அதிக சூட்டை இழுக்கும், கெட்டியாவும் இருக்கும். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல, ஏற்கனவே இருந்த போல்ட்லயே இரும்புப் பட்டை கொடுத்து மாட்டினோம். ரேடியேட்டர் துடுப்புக்குள்ள பிளாஸ்டிக் டையைக் கோத்துக் கட்டுற வழி ஒண்ணு உண்டு, அதைச் செய்யாதீங்க. வண்டி அதிர அதிர அது குழாயைத் தேய்ச்சுத் தின்னுடும். ஹோஸும் பெட்ரோல் ஹோஸ் வேண்டாம், இந்த எண்ணெய்க்குன்னே வர்றதை வாங்குங்க.

பலரும் மறக்கிறது ஒண்ணு இருக்கு. ரேடியேட்டர்ல இருந்து குழாயைக் கழட்டிட்டா வேலை முடியல. உள்ள ஓட்டை இருக்கே, அந்த ரெண்டு வாய் வழியா தண்ணி வெளிய கொட்டும். பித்தளை பிளக் போட்டு அடைச்சோம்.

எண்ணெய் கழுவறதுதான் பெரும்பாடு. அடியில இருக்கிற பேனைக் கழட்டினா பாதிகூட வடியாது, மிச்சம் கன்வெர்டருக்குள்ள நிக்கும். ஊத்தி, ஓட்டி, வடிச்சு, திரும்ப ஊத்தி, நாலு தடவை. மூணாவது தடவைகூட லேசா ரோஸ்தான். மாமா அன்னைக்கு ராத்திரி சரியா சாப்பிடல.

நாலாவது தடவை சிவப்பா வந்தது. புதுக்கோட்டை வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பினோம், ரெண்டாவது கியர் வழுக்காம விழுந்தது. லைனிங் பிழைச்சிருக்குன்னுதான் நினைக்கிறேன், இன்னும் ஒரு கோடை ஓடட்டும். கூலர் வெளிய தெரியக்கூடாதுன்னு மாமா அதுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்கக் கிளம்பினார். தடிமனா அடிச்சா சூடு வெளியேறாது மாமான்னு, ஓரத்துப் பட்டையோட நிறுத்த வச்சேன்.

நேத்து போன் பண்ணினார். பித்தளை பிளக் ஒண்ணுல பச்சையா ஈரம் தெரியுதாம். பொங்கலுக்குப் போகும்போது மாத்தணும்.