பள்ளிக்கூடம் முதலில் வந்த கதை

குற்றாலச் சாரல் எட்டும் தூரத்து ஊர்களான தென்காசி, கடையநல்லூரிலிருந்து சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் முஸ்லிம் குடும்பங்கள் பல சிங்கப்பூருக்குக் கப்பலேறின. தஞ்சோங் பகாரில் ஆண்கள் துறைமுக வேலை பார்த்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். மற்ற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுப் போன காலம் அது. இவர்களுக்கோ பிள்ளைகளும் கூடவே இருந்ததால் படிப்பு உடனடிக் கவலையானது. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. போர் முடிந்த மறுவருடமே, 1946இல், அது உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது.

படிப்பைத் தொடங்குவதில் உழைப்பாளிகள் காட்டிய இந்த வேகம், இஸ்லாமிய மார்க்கச் சட்டம் வட்டியைத் தடுப்பதால் உருவான வட்டியில்லா வங்கித் துறைக்கு வாய்க்கவில்லை.

மலேசியாவில் ஹஜ் பயணிகளின் சேமிப்புக் கழகம் 1963இலேயே தொடங்கியது. பேங்க் இஸ்லாம் 1983இல் வந்தது. ஆனால் இத்துறைக்கென்றே மத்திய வங்கி ‘இன்சீஃப்’ பல்கலைக்கழகத்தை நிறுவியது 2005இல்தான். வங்கிக்கும் படிப்புக்கும் நடுவே 22 ஆண்டுகள்! வங்கிக் கணக்கையும் மார்க்கச் சட்டத்தையும் ஒருசேர அறிந்தவர்கள் எளிதில் கிடைக்கும் துறை அல்ல இது.

அந்த அறிவு ஏன் தேவை? மலேசியாவில் பரவலாக உள்ள ஒரு முறையைப் பாருங்கள். கடன் கேட்பவருக்காக வங்கி முதலில் பாமாயில் போன்ற ஒரு பண்டத்தை வாங்குகிறது. லாபம் வைத்துத் தவணைக்கு அவருக்கு விற்கிறது. பிறகு அவர் சார்பில் அதைச் சந்தையில் விற்றுப் பணமாகத் தருகிறது. இதற்கான மின்னணுச் சந்தையை மலேசியப் பங்குச் சந்தை 2009இல் தொடங்கியது. வாங்குவதற்கு முன்பே விற்றதாக மென்பொருள் பதிந்துவிட்டால் ஒப்பந்தமே பழுதாகிவிடும். 2024இல் ஏயான் பேங்க் அந்நாட்டின் முதல் இஸ்லாமிய டிஜிட்டல் வங்கியாகத் திறந்தபின், மென்பொருள் எழுதுபவருக்கும் இந்த வரிசை புரிந்தாக வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் பொருளாதார அறிஞர் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கியைப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. தமிழ்நாட்டு முஸ்லிம் ஊர்களில் மிஞ்சியிருப்பது பைத்துல் மால்: நகையை ஈடாக வைத்துக்கொண்டு, கொடுத்த தொகையை மட்டும் திரும்ப வாங்கும் ஏற்பாடு. அங்கே பேரேடு எழுதுபவருக்குக் கணினிக் கணக்கும் தணிக்கையும் மார்க்கச் சட்டமும் சேர்த்துக் கற்றுத்தர தென்காசி வட்டாரக் கல்லூரி ஒன்று முன்வரலாம். அதற்கு வங்கி உரிமம் தேவையில்லை. கோலாலம்பூரில் வேலை தேடும் பி.காம். பட்டதாரிக்கும் அந்தப் படிப்பு கைகொடுக்கும்.