சேய்மை விண்கலங்களின் மின்வலு: ஒரு வரலாற்று நோக்கு

மாரியிற் பெய்த நீரைத் தேக்கிக் கோடையிற் பயன்கொள்ளுதல் வறண்ட நிலத்து மக்களின் பழைய வழக்கம். புத்தளக் கரையோரத்து எலுவன்குளம் போன்ற ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்றாகும். குளத்தின் அளவை வகுப்பது மழையின் மிகுதி மட்டுமன்று, கோடையின் நீட்சியுமாகும். விண்கலங்களின் மின்வலு வரலாறும் இவ்வுண்மையையே புலப்படுத்துகின்றது.

1957 ஒக்டோபர் 4இல் சோவியத் நாடு ஏவிய ஸ்புட்னிக் 1 மின்கலங்களை மட்டுமே நம்பிச் சென்றது. அதன் நிறை ஏறத்தாழ 84 கிலோகிராம். அதில் 51 கிலோகிராம் மின்வலு அமைப்புக்கே உரியதாயிற்று. அவ்வாறிருந்தும் மூன்று வாரங்களில் அதன் குரல் அடங்கியது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் சிலிக்கன் சூரியக்கலத்தை உலகறியச் செய்திருந்தனர். அத்தகைய கலங்களைத் தாங்கி 1958 மார்ச்சில் ஏகிய வான்காட் 1, ஒன்றரைக் கிலோகிராம் நிறையே உடையதாயினும், 1964 வரை ஒலிபரப்பியது.

எனினும், ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதமாகக் குறைவது. செவ்வாயிற் கிடைப்பது புவியிற் கிடைப்பதன் பாதிக்கும் குறைவு. வியாழனில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கே. ஆதலால் 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் கலங்கள் புளூட்டோனியத்தின் வெப்பத்தை நாடின. 2016இல் வியாழனை அடைந்த யூனோவோ, மூன்று பெருஞ் சூரியச் சிறகுகளைக் கொண்டே அக்குறையை ஈடுசெய்தது.

ஒளிக்குறைவினும் கொடியது நிழல். திருநெல்வேலி மாவட்டத்தவரான சுப்பையா அருணன் திட்டப் பணிப்பாளராக இருந்து உருவாக்கிய இந்தியாவின் மங்கள்யான், 2013 நவம்பர் 5இல் புறப்பட்டு, 2014 செப்டெம்பர் 24இல் செவ்வாயின் சுற்றுப்பாதையை எய்தியது. அதன் மூன்று சூரியப் பலகைகள் அங்கே 840 உவாற்று மின்வலுவை ஈந்தன. 36 அம்பியர்-மணி கொள்ளும் இலிதியம் சேமிப்புக்கலம், ஏறத்தாழ 100 நிமிட நிழலைத் தாங்கவல்லதாய் அமைந்தது. 2017இல் எட்டு மணி வரை நீளக்கூடிய நிழல் எதிர்ப்பட்டது. அவ்வாண்டு சனவரியில் 20 கிலோகிராம் எரிபொருளைச் செலவிட்டுப் பாதையை மாற்றிக் கலத்தைக் காத்தனர். 2022 ஏப்பிரலில் நெடுநேர நிழல் மீண்டும் சூழ்ந்தபோது தொடர்பு அற்றது.

இதனை அமைத்தோரின் பிழையெனல் பொருந்தாது. சேமிப்புக்கலம் பெருகின் நிறை பெருகும். கருவிகளுக்கும் எரிபொருளுக்கும் உரிய இடம் சுருங்கும். ஆறு மாதப் பணிக்கென அமைந்த கலம் ஏறக்குறைய எட்டாண்டு வாழ்ந்தது. கோடையின் நீட்சியறிந்து குளந்தொட்ட முன்னோரைப் போன்று, நிழலின் நீட்சியறிந்து கலஞ்சமைத்தலே இக்கலையின் அடிப்படையென்பதை மங்கள்யானின் வாழ்வும் முடிவும் ஒருங்கே உணர்த்துகின்றன.