நோய்க்கிருமி மரபணுத்தொகுதிக் கண்காணிப்பு

நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் மரபணுத்தொகுதியை எழுத்தெழுத்தாக வாசித்து, அந்நோய் எங்கிருந்து வந்தது, எவ்வழியே பரவுகிறது, எவ்வாறு மாறுதலடைகிறது என்பவற்றை நிர்ணயிக்கும் பொதுச் சுகாதார முறை இப்பெயரால் வழங்கும். கிருமி மனிதனென்றும் விலங்கென்றும் பேதம் பாராட்டுவதில்லையாதலால், மருத்துவமனை, கால்நடைப் பண்ணை, கழிவுநீர் ஆகியவற்றின் மாதிரிகளை ஒருங்கே வைத்து ஒப்பிடுவதே இதன் ஜீவநாடியாகும்.

அடிப்படை. கிருமி பெருகும்போது அதன் மரபுப் பொருளைப் பிரதி செய்வதில் சிற்சில பிழைகள் நேர்ந்து, வழித்தோன்றல்களிலும் தங்கிவிடுகின்றன. ஏடெழுதினோரின் பிழைகளைக் கொண்டு சுவடிகளின் வம்சாவளியைப் பதிப்பாசிரியர் துணிவதுபோல, இப்பிழைகளைக் கொண்டு கிருமிகளின் உறவுமுறையை ஆராய்ச்சியாளர் துணிகின்றனர். தனித்து வாழும் உயிரொன்றின் மரபணுத்தொகுதி முதன்முதல் முழுமையாக வாசிக்கப்பட்டது 1995இல், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா என்னும் பாக்டீரியாவிலாகும்.

ஹெய்ட்டி வாந்திபேதி. 2010 அக்டோபரில் ஹெய்ட்டியில் வாந்திபேதி கிளம்பியபோது, ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் நேபாள வீரர்கள் தங்கிய முகாமின் கழிவு ஆர்ட்டிபோனைட் ஆற்றின் உபநதியில் கலந்ததே காரணமென்று கள ஆய்வு சுட்டியது. 2011இல் நேபாளத்து மாதிரிகள் 24ஐ ஒப்பிட்டபோது, சுமார் 40 லட்சம் எழுத்துகள் கொண்ட தொகுதியில் ஓரிரண்டு எழுத்தே வேறுபடும்படி அவற்றுள் மூன்று ஹெய்ட்டிக் கிருமிகளோடு ஒத்திருந்தன. 2016 டிசம்பரில் பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

கறவை மாடுகள். அமெரிக்காவின் டெக்சஸ், கன்சாஸ் மாநிலப் பண்ணைகளில் மாடுகளின் கறவை குறைந்து, பால் சீம்பாலைப் போலத் தடித்து மஞ்சள் நிறங்கொண்டதற்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸே காரணமென்பது 2024 மார்ச்சில் புலனாயிற்று. பல பண்ணைகளின் வைரஸ்களும் ஒரே கிளையினவாயிருந்தமையால், அது பறவைகளிடமிருந்து ஒருமுறை தாவி, பின்னர் மாட்டுக்கு மாடு பரவியதென்று தெளிந்தனர். 2025 தொடக்கத்தில் நெவாடா மாநிலத்துப் பாலில் வேறொரு கிளை அகப்பட்டபோது, அது பறவைகளிடமிருந்து புதிதாக நேர்ந்த தாவலென்று பிரித்தறிய முடிந்தது.

கழிவுநீர். 2022இல் லண்டன் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுநீரில் 2ஆம் வகை இளம்பிள்ளை வாத வைரஸ் பன்முறை காணப்பட்டது. சொட்டு மருந்து வைரஸிலிருந்து அது விலகியிருந்த அளவைக் கொண்டு, மக்களிடையே பரவிவருகிறதென்று ஊகித்து, வாதமுற்ற நோயாளி ஒருவரும் தோன்றாதபோதே நகரத்தில் 1 முதல் 9 வயதுவரையுள்ள சிறுவர்க்குக் கூடுதல் தவணைத் தடுப்பூசி வழங்கப்பட்டது.

வரம்புகள். எழுத்து வரிசை மாத்திரம் போதுமானதன்று. 2024 ஏப்ரலில் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட மாட்டு வைரஸ் வரிசைகளில் மாதிரி எடுத்த தேதியும் மாநிலமும் குறிக்கப்படாமையால், பரவிய கிரமத்தைத் துணிவது பிற விஞ்ஞானிகளுக்கு அரிதாயிற்று. மாதிரியே எடுக்கப்படாத பிரதேசமோ வம்சாவளியில் வெற்றிடமாகவே நிற்கும்.