வெண்டல் ஸ்காட்: வென்ற நாளில் தரப்படாத கோப்பை

1963 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஜாக்சன்வில் நகரில் ஒரு கார் பந்தயம் நடைபெற்றது. அரை மைல் நீளமுள்ள மண் தடத்தை 200 முறை சுற்றிவர வேண்டும். இறுதிக் கட்டத்தில் புகழ்பெற்ற ரிச்சர்ட் பெட்டியை முந்திச் சென்று, அந்தச் சுற்றுகளை முதலில் முடித்தவர் வெண்டல் ஸ்காட் என்னும் கறுப்பின ஓட்டுநர். ஆனால் வெற்றிக்கான கட்டம் போட்ட கொடி அவருக்காக அசைக்கப்படவில்லை. அவர் மேலும் இரண்டு சுற்றுகள் ஓட்டினார். பக் பேக்கர் என்னும் வெள்ளையினத்தவர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். பார்வையாளர்கள் கலைந்து சென்று சில மணி நேரம் கழிந்த பின்னரே, சுற்றுகளை எண்ணியதில் பிழை நேர்ந்துவிட்டதாகக் கூறி ஸ்காட்டின் வெற்றியை அதிகாரிகள் ஏற்றனர். பரிசுத்தொகை அவருக்குக் கிடைத்தது. அன்றைய கோப்பை கிடைக்கவில்லை.

சாலையில் ஓடும் கார்களின் வடிவில், வேகத்துக்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட வண்டிகளை ஓட்டுவதே ஸ்டாக் கார் பந்தயம். இதை நடத்தும் முதன்மை அமைப்பான நாஸ்கார் 1948இல் தொடங்கப்பட்டது. இனப் பிரிவினைச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த தென் மாநிலங்களே இவ்விளையாட்டின் தாயகம்.

அத்தகைய மாநிலங்களுள் ஒன்றான வர்ஜீனியாவின் டான்வில் நகரில் 1921இல் ஸ்காட் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் பணியாற்றித் திரும்பி, பழுதுபார்க்கும் பட்டறை நடத்தினார். கள்ளச் சாராயம் ஏற்றிய வண்டியைக் காவல்துறையிடம் சிக்காமல் ஓட்டியும் பொருளீட்டினார். அக்காலத்து வெள்ளையின ஓட்டுநர் பலரும் இதே தொழிலிலிருந்து வந்தவர்களே. 1952இல் டான்வில் பந்தய அமைப்பாளர்கள், கூட்டம் சேர்ப்பதற்காக ஒரு கறுப்பின ஓட்டுநரைத் தேடினர்; ஸ்காட் களமிறங்கினார். காட்சிப் பொருளாகவே அவருக்கு முதல் வாய்ப்பு அமைந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாஸ்கார் பந்தயங்களுக்குச் சென்றபோது, கறுப்பினத்தவர் என்பதற்காகவே தொடக்கத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் உரிமம் பெற்று, 1959இல் வர்ஜீனியா மாநில அளவிலான பட்டத்தை வென்றார். 1961இல் நாஸ்காரின் உயர்நிலைப் பந்தயத் தொடரில் நுழைந்தார்.

அந்நாளில் முன்னணி அணிகளுக்குக் கார் நிறுவனங்கள் வண்டியும் பணமும் வழங்கின. ஸ்காட்டுக்கு அத்தகைய ஆதரவு கிட்டவில்லை. பழைய கார்களையும் பயன்படுத்திய உதிரிபாகங்களையும் வாங்கித் தாமே சீரமைத்தார். அவருடைய மகன்களே தடத்தோரப் பணியாளர்களாக இருந்தனர். இந்நிலையிலும் உயர்நிலைத் தொடரில் அவர் பங்கேற்ற 495 பந்தயங்களுள் 147இல் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். 1966இல் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம் பெற்றார். 1973இல் அலபாமாவின் டல்லடேகா தடத்தில் பல கார்கள் மோதிய விபத்தில் படுகாயமுற்றதோடு அவரது பந்தய வாழ்வு ஏறத்தாழ முடிவுற்றது. 1977இல் அவரது வாழ்க்கையைத் தழுவி ஹாலிவுட் படம் வெளிவந்தது. 1990இல் அவர் மறைந்தார்.

ஜாக்சன்வில்லில் நிகழ்ந்தது வெறும் பிழையா? அக்காலத்தில் சுற்றுகள் கையால் எண்ணப்பட்டன. பிழை நேர்வதும் உண்டு. ஆயினும், வெற்றியாளருக்கு முத்தமளிக்கும் வெள்ளையின அழகியின் அருகே ஒரு கறுப்பினத்தவர் நிற்பதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்று ஸ்காட்டும் குடும்பத்தாரும் கருதினர். நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றே. கூட்டத்தின் முன் கோப்பையோடு நிற்கும் படம்தான் நாளிதழில் வெளியாகும். அதைக் கண்டே விளம்பர நிறுவனங்கள் பணம் தரும். அப்பணத்தில்தான் நல்ல கார் வாங்க முடியும். வெறுமையான அரங்கில் செய்யப்பட்ட திருத்தத்தால் ஏட்டிலிருந்த பெயர் மட்டுமே மாறியது. உயர்நிலைத் தொடரில் அதுவே ஸ்காட்டின் ஒரே வெற்றியாக நின்றுவிட்டது. ஆகவே அங்கீகாரத்தை மறுப்பதை மான உணர்வு சார்ந்த இழப்பாக மட்டும் நாம் காண இயலாது; அது பொருளாதார இழப்புமாகும்.

2015இல் ஸ்காட் நாஸ்காரின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 2020 ஜூனில்தான் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடிக்குத் தன் அரங்குகளில் நாஸ்கார் தடை விதித்தது. 2021 ஆகஸ்டில் டேடோனா தடத்தில், ஜாக்சன்வில் வெற்றிக்கான கோப்பையை ஸ்காட்டின் குடும்பத்தாரிடம் அவ்வமைப்பு வழங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பப்பா வாலஸ் டல்லடேகாவில் வென்று, அத்தொடரில் வெற்றி பெற்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநரானார். முதல் வெற்றிக்கும் இரண்டாம் வெற்றிக்கும் இடையே ஏறத்தாழ 58 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஒடுக்கப்பட்டோரின் சாதனைகளைப் பதிவுசெய்யும் நாம் இரண்டு தேதிகளைச் சேர்த்தே எழுத வேண்டும்: சாதித்த நாள், அது ஏற்கப்பட்ட நாள். முதல் தேதியை மட்டும் எழுதினால் அநீதி மறைந்துபோகும். இரண்டாவதை மட்டும் எழுதினால், காலங்கடந்து வழங்கியவர்களின் பெருந்தன்மையே வரலாறாகிவிடும்.