மின்சார அடுப்பின் கதை

அரசர்கள் ஆண்டதும் படைகள் மோதியதும் மட்டுமே வரலாறு என்று நினைப்பவர் பலர். சமையலறையில் சிவந்து ஒளிரும் ஒரு கம்பிச் சுருளுக்கும் வரலாறு உண்டு என்று சொன்னால் மாணவ நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் அந்தச் சுருளின் வரலாற்றை அறிந்தவர்க்கு ஒரு பெரும்பயன் உண்டு. அடுப்பு பழுதுறும்போது எங்கே குறை நேர்ந்தது என்பதை அவர் எளிதில் உணர்வார். எந்த இடத்தில் கை வைத்தால் உயிருக்கு ஆபத்து என்பதையும் உணர்வார். நான் மின்சாரத் துறையில் பயின்றவன் அல்லேன். வரலாற்றில் ஈடுபாடு கொண்டவன். அந்த நோக்கில்தான் இப்பொருளை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கம்பியினூடே மின்சாரம் பாயும்போது வெப்பம் பிறக்கிறது. இவ்வெப்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு என்று 1841ஆம் ஆண்டில் காட்டியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். மின்னோட்டத்தின் வர்க்கத்தைக் கம்பியின் தடையால் பெருக்கினால், ஒவ்வொரு விநாடியிலும் எழும் வெப்பத்தின் அளவு கிடைக்கும் என்பது அவர் கண்ட விதி. மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மனியின் ஓம் 1827இலேயே நூலாக வெளியிட்டிருந்தார். ஆக, மின்சார அடுப்புக்குரிய அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பே மனிதன் கையில் இருந்தது. அடுப்பு மட்டும் வரவில்லை. ஏன்?

விடை எளியது. நெடுநேரம் சிவக்கக் காய்ந்தும் அழியாத, விலை குறைந்த கம்பி ஒன்று அன்று உலகில் இல்லை. இரும்புக் கம்பியைக் காற்றில் சிவக்கக் காய்ச்சினால் பிராணவாயு அதைத் தின்றுவிடும்; செதில் செதிலாக உதிர்ந்து அறுந்துபோகும். பிளாட்டினம் தாங்கும், அதன் விலையை நாம் தாங்கமாட்டோம். எடிசன் 1879இல் கரி இழையைக் கொண்டு விளக்கு செய்தபோது, கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை வெளியேற்றி அந்த இழையைக் காத்தார். அடுப்பை அவ்வாறு குமிழுக்குள் அடைக்க இயலுமா? சோற்றுப் பானைக்கு வெளியே அல்லவா வெப்பம் வேண்டும்!

இருந்தும் முயன்றவர்கள் சோர்ந்துவிடவில்லை. கனடா நாட்டின் ஆட்டவா நகரில் தாமஸ் அஹர்ன் என்பவர் 1892ஆம் ஆண்டில் மின்சாரத்தால் சமைத்த விருந்தொன்றை ஒரு விடுதியில் அளித்துக் காட்டினார். மறு ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் முழுதும் மின்சாரத்தால் இயங்கும் சமையலறை ஒன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பொன்வயல் நகரமான கால்கூர்லியில் நகராட்சி மின்பொறியாளராக இருந்த டேவிட் கர்ல் ஸ்மித் 1905இல் மின்அடுப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய துணைவியார் நோரா அவ்வடுப்பில் சமைக்கும் முறைகளைத் தொகுத்து 1907இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆயினும் அவ்வடுப்பு நாட்டில் பரவவில்லை.

தடையை நீக்கியவர் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ். நிக்கலையும் குரோமியத்தையும் உருக்கிச் சேர்த்து அவர் ஒரு கலப்பு உலோகத்தை உருவாக்கினார். 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நூற்றுக்கு எண்பது பங்கு நிக்கலும் இருபது பங்கு குரோமியமும் கலந்த அவ்வகைக் கம்பியையே இன்று நாம் நிக்ரோம் என்கிறோம். அதன் சிறப்பு இரண்டு. முதலாவது, அதன் தடை செம்பின் தடையைப் போல அறுபது மடங்குக்கும் மேற்பட்டது. இரண்டாவது, காயும்போது அதிலுள்ள குரோமியம் பிராணவாயுவுடன் கூடி, கம்பியின்மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. அப்படலம் உதிர்வதில்லை, மேலும் பிராணவாயு உள்ளே புகாதபடி கவசம்போல் காக்கிறது. இரும்பை அழித்த அதே பிராணவாயு நிக்ரோமுக்குக் காவலாக அமைந்தது.

இனி நம் வீட்டு அடுப்புக்கு வருவோம். சுட்ட மண்தட்டில் வளைந்து வளைந்து செல்லும் பள்ளம். அப்பள்ளத்தில் திறந்தபடி கிடக்கும் சுருள். நம் நாட்டு விடுதி அறைகளிலும் சிறு குடும்பங்களிலும் நெடுங்காலம் பழகிய அடுப்பு இதுவே. 230 வோல்ட் அழுத்தத்தில் 1000 வாட் எரியும் சுருளின் தடை ஏறக்குறைய 53 ஓம். அதில் ஓடும் மின்னோட்டம் நாலேகால் ஆம்பியருக்குச் சற்று மேல். 2000 வாட் அடுப்பாயின் எட்டரை ஆம்பியரைக் கடந்துவிடும். ஆதலால் அதனை விளக்குக்கும் வானொலிப் பெட்டிக்கும் உரிய சிறு பிளக்கில் மாட்டலாகாது; பெரிய பிளக்கே வேண்டும்.

அடுப்பு காயவில்லையெனில் எவ்வாறு ஆராய்வது? மின்சாரம் வரும் வழியே நம் ஆராய்ச்சியும் செல்லவேண்டும். முதலில் அதே பிளக்கில் வேறொரு கருவியை மாட்டிப் பார்க்க. அதுவும் இயங்காவிடில் குறை பியூஸில் அல்லது வீட்டுக் கம்பியில் உள்ளது. அது இயங்கினால், பிளக்கிலிருந்து அடுப்பைக் கழற்றி, நன்கு ஆறவிட்டு, வடக்கம்பியைப் பார்க்க. அது பிளக்கினுள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருப்பது உண்டு. அடுத்து அடுப்பின் அடியிலுள்ள திருகாணிகளைப் பார்க்க. திருகு தளர்ந்தால் அங்கே தடை மிகும். தடை மிகுந்த இடத்தில் ஜூல் விதிப்படி வெப்பம் எழும். வெப்பத்தால் செம்புக் கம்பி கறுக்கும். கறுத்தபின் தடை மேலும் பெருகும். உப்புத்தாளால் தேய்த்துக் கறுப்பை நீக்கி இறுக்கினால் இக்குறை தீரும். கம்பி பொடியும் அளவுக்குக் கருகியிருந்தால் அப்பகுதியை வெட்டிவிட்டு நல்ல கம்பியை இணைக்கவேண்டும். இவற்றிலெல்லாம் குறையில்லை என்றால் சுருளே அறுந்திருக்கிறது என்பது தெளிவு.

இங்கே பெரும்பாலோர் ஒன்று செய்வர். அறுந்த இரு முனைகளையும் இழுத்து முறுக்கிவிடுவர். அடுப்பும் முன்னைவிட வேகமாகக் காயும். அதைக் கண்டு மகிழ்வோரை நான் விடுதிகளில் கண்டிருக்கிறேன். மகிழ்ச்சிக்கு இடமில்லை என்பதைக் கணக்கு சொல்லும். சுருளில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடை 53 ஓமிலிருந்து 48 ஓமுக்குக் கீழே இறங்கும். 1000 வாட் 1111 வாட்டாக ஏறும். எஞ்சிய கம்பி தன் ஆற்றலுக்கு மீறிக் காய்கிறது. அன்றியும், கம்பியைக் காத்த அதே படலம் முறுக்கிய இடத்தில் இரு முனைகளையும் நன்கு தொடவிடாமல் தடுக்கிறது. அவ்விடம் மிகுதியாகக் கனன்று மீண்டும் அறும். சில நாளைக்கு அவசரத்துக்கு ஆகுமேயன்றி இது பழுதுபார்ப்பு ஆகாது. அதே வாட் அளவுள்ள புதுச் சுருளை வாங்கி, பள்ளத்தின் நீளத்துக்கு ஒரே சீராக நீட்டிப் பொருத்துவதே முறை. ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தால், நெருங்கிய வளையங்கள் ஒன்றையொன்று காய்ச்சி விரைவில் அழியும். பொங்கி வழிந்த பாலும் உப்புநீரும் கம்பியில் படிவதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

உயிரைப் பற்றிய செய்தியை இறுதிக்கு வைத்திருக்கிறேன். திறந்த சுருளில் பாத்திரமோ கரண்டியோ பட்டால் அதில் மின்சாரம் ஏறும். ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்று துணிந்து சுருளைத் தொடுவதும் தவறு. மின்பணியாளர்கள் பேஸ் என்று கூறும் கம்பியில் இருக்கவேண்டிய ஸ்விட்ச், வீட்டுக்கு மின்கம்பி அமைத்தவரின் கவனக்குறைவால் மறு கம்பியில் அமைந்திருந்தால், அடுப்பு காயாது; ஆனால் சுருள் முழுவதும் 230 வோல்ட் அழுத்தம் காத்திருக்கும். ஆதலின் பிளக்கையே உருவி எடுத்துவிட்டுத்தான் கைவைக்கவேண்டும். மண்தட்டு வெடித்திருந்தால் சுருள் சரிந்து இரும்புச் சட்டத்தைத் தொடக்கூடும். அந்நேரத்தில் நம்மைக் காப்பது பிளக்கின் மூன்றாம் முள்ளோடு இணைந்த நிலக்கம்பி. அதை இணைக்காமல் இரு கம்பிகளோடு அடுப்பை மூட்டுவது, காவலனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இக்காலத்தில் கிடைக்கிறது. அதையும் வீட்டில் பொருத்திக்கொள்வது அறிவுடைமை.

இத்திறந்த சுருளின் ஆபத்தை உணர்ந்தே, நிக்ரோம் கம்பியை ஓர் உலோகக் குழாயினுள் வைத்து, இடையே மக்னீசியம் ஆக்சைடுத் தூளை இறுக அடைக்கும் முறை பின்னர் தோன்றியது. அத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. அக்குழாய் வெடித்துவிட்டால் அதை ஒட்டவைக்க முயலாது மாற்றிவிடவேண்டும்.

ஜூல் கண்ட விதி, மார்ஷ் உருக்கிய உலோகம், கால்கூர்லியில் பரவாமற்போன அடுப்பு இவையெல்லாம் நம் சமையலறையில் ஒரு சாண் அகலத் தட்டில் கூடியிருக்கின்றன. பள்ளியில் மனப்பாடம் செய்த ஓம் விதியை அத்தட்டின்மேல் பொருத்திப் பாருங்கள். அடுத்த முறை வீட்டில் ஒருவர் அறுந்த சுருளை முறுக்க முற்படும்போது, அவரைத் தடுத்து முதலில் பிளக்கை உருவச் சொல்லுங்கள்; காரணத்தையும் விளக்குங்கள். நீங்கள் கற்ற கல்வி ஓர் உயிரைக் காத்ததாக அமையலாம்.