பழைய காணொளிகளை இறுவட்டில் பதிந்து டிவிடி பிளேயரில் பார்ப்பது எப்படி?

எங்கள் பெரியம்மா சம்பூரைச் சேர்ந்தவர். 2006 ஏப்ரலில் அந்தப் பக்கம் குண்டுகள் விழத் தொடங்கியபோது உடுத்த உடையோடு வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். மட்டக்களப்பு முகாம், பிறகு கிளிவெட்டி முகாம் என்று அலைந்து ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும்தான் மிச்சம். கலியாண அல்பமும் வீடியோ நாடாவும் வீட்டோடு போய்விட்டன.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, அக்காவின் சாமத்திய வீட்டு விசிடி. லண்டனில் உள்ள உறவினருக்கு அனுப்பிய பிரதி என்பதால் தப்பியது. மற்றது, காணாமல் ஆக்கப்பட்ட அண்ணா பழைய கைத்தொலைபேசி ஒன்றில் பேசும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டு. “உதை ரீவியில போட்டுத் தர ஏலுமா மகன்? போனில முகம் தெரியுதில்ல” என்று பெரியம்மா கேட்டார். அவரிடம் இருப்பது பழைய பெட்டித் தொலைக்காட்சியும் ஒரு டிவிடி பிளேயரும்தான்.

சின்ன வேலை என்றுதான் நினைத்தேன். இரண்டு கோப்புகளையும் அப்படியே ஒரு டிவிடியில் எழுதிக் கொண்டுபோனேன். பிளேயர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசிக்க முடியாது என்றது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஏன் ஓடவில்லை?

கணினி எந்தக் கோப்பையும் திறக்கும். டிவிடி பிளேயர் அப்படியல்ல. அதற்குத் தெரிந்தது சில வடிவங்கள் மட்டுமே. 1993இல் வந்த விசிடி, எம்பெக்-1 முறையில் 352×288 புள்ளி அளவுள்ள படத்தைக் கொண்டது. 700 எம்பி சிடி ஒன்றில் ஏறத்தாழ 80 நிமிடம் கொள்ளும். 1996இல் வந்த டிவிடி, எம்பெக்-2 முறையில் 720×576 புள்ளிகள் கொண்டது. டிவிடியில் ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறையும் அதற்குள் குறிப்பிட்ட ஒழுங்கிலான கோப்புகளும் இருந்தால்தான் பிளேயர் அதைப் படமாக ஏற்கும். பழைய கைத்தொலைபேசிகளின் 3ஜிபி கோப்பு இவற்றில் எதிலும் சேராது. ஆகவே கோப்பைக் கொப்பி செய்தால் போதாது, வடிவம் மாற்றியே பதிய வேண்டும்.

முதல் வேலை: மூலத்தைக் காப்பாற்றுவது

எதையும் மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பை இரண்டு இடங்களில் கொப்பி செய்யுங்கள். பழைய விசிடியைக் கணினியில் போட்டு ‘எம்பெக்ஏவி’ கோப்புறைக்குள் இருக்கும் ‘டாட்’ கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். விஎல்சி மென்பொருளில் அவை ஓடும். கீறல் விழுந்த விசிடி ஒரு கணினியில் வாசிக்காவிட்டால் வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர் தொடர்பான காட்சி என்றால் மூலக் கோப்பை வெட்டவோ அழிக்கவோ வேண்டாம். திகதியும் எடுத்த கருவியும் பற்றிய விவரம் அதற்குள்தான் இருக்கக்கூடும். நாளை ஒரு விசாரணையில் அது தேவைப்படலாம்.

பதியும் முறை

‘டிவிடிஸ்டைலர்’ என்ற மென்பொருள் இலவசமானது. அதில் செய்ய வேண்டியவை:

1. புதிய டிவிடி தொடங்கும்போது ‘பால்’ முறையைத் தெரிவு செய்யுங்கள். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் இதுதான் வழக்கம். கனடாவில் எடுத்த பழைய காணொளிகள் பெரும்பாலும் ‘என்டிஎஸ்சி’ முறையில் இருக்கும். அவற்றை அப்படியே பதிந்தால் சில பழைய தொலைக்காட்சிகளில் நிறமின்றியோ படம் உருண்டபடியோ வரும்.

2. படத்தின் அகல உயர விகிதம் 4:3 என்று வையுங்கள். 16:9 என்று வைத்தால் பழைய படத்தில் முகங்கள் அகன்றுவிடும்.

3. கைத்தொலைபேசித் துண்டுகள் பல 176×144 அளவில்தான் இருக்கும். அதைச் சரியாக இரண்டு மடங்காக்கினால் 352×288. டிவிடி முறை இந்த அளவையும் ஏற்கும். 720×576 ஆக இழுத்தாலும் தெளிவு கூடாது.

4. ஒலி 48 கிலோஹேர்ட்ஸ் ஆக மாற வேண்டும். மென்பொருளே மாற்றும். இரைச்சலை நீக்கப் போய்க் குரலை இழந்துவிடாதீர்கள்.

5. ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி என்று எழுதியிருந்தாலும் கணினி ஏறத்தாழ 4.38 என்றே காட்டும். ஒரு மணி நேரப் படம் நல்ல தரத்தில் கொள்ளும். இரண்டு மணி நேரமும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் இன்னொரு தட்டுக்குப் பிரித்து விடுங்கள்.

6. பழைய பிளேயர்களுக்கு ‘டிவிடி மைனஸ் ஆர்’ தட்டு பொதுவாக ஒத்துவரும். வேகத்தைக் குறைத்து, 4 மடங்கில் எழுதுங்கள். இறுதியில் தட்டை முடித்துப் பூட்டும் தெரிவு இருக்க வேண்டும். பூட்டாத தட்டைக் கணினி வாசித்தாலும் பிளேயர் வாசிக்காமல் விடலாம்.

கடையில் கொடுத்துச் செய்விப்பவர்கள் மூலத்தை விட்டுவிட்டு வராதீர்கள். கூடவே இருந்து செய்வித்து, கடைக் கணினியில் உள்ள பிரதியை அழிக்கச் சொல்லுங்கள். நம் வீட்டுக் காணொளிகளில் பக்கத்து வீட்டாரின் முகங்களும் இருக்கின்றன.

பாதுகாப்பது

திருகோணமலையில் மூன்று பக்கமும் கடல். உப்புக் காற்றும் ஈரமும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும், தட்டின் உலோகப் படலத்தையும் அரிக்கும். தட்டைப் பெட்டிக்குள் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மேலே தாள் ஒட்ட வேண்டாம். தட்டுக்கென விற்கும் பேனாவால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். யார் யார் படத்தில் இருக்கிறார்கள் என்று தனித்தாளில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். முகம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

பதிந்த தட்டு நிரந்தரமல்ல. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கொப்பி செய்ய வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒன்று வேறு ஊரில், ஒன்று வெளிநாட்டு உறவினரிடம் இருக்கட்டும். 1981இல் யாழ் நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள் அதோடு போயின. அக்காவின் விசிடி லண்டனில் ஒரு பிரதி இருந்ததால் மட்டுமே இன்று நம் கையில் இருக்கிறது.

இரண்டாம் முறை தட்டை எங்கள் வீட்டுப் பிளேயரில் ஓட்டிப் பார்த்த பிறகே சம்பூருக்குக் கொண்டுபோனேன். சாமத்திய வீட்டுப் படத்தில் பழைய வீட்டின் முன் மா மரம் தெரிந்தது. “அந்தப் பந்தல்காரன் இப்ப எங்க?” என்று பெரியம்மா கேட்டார். பிறகு அண்ணாவின் துண்டு வந்தது. அது முடிந்ததும் பிளேயர் தட்டின் பட்டியலுக்குத் திரும்பி நின்றது. எந்தப் பொத்தானை அழுத்தினால் மறுபடி வரும் என்று பெரியம்மா கேட்டார். ரிமோட்டில் அந்தப் பொத்தான் மேல் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.