சபைக்கு வந்த வீட்டுச் சண்டை

எங்கள் உணவகத்தில் மத்தியானச் சனம் இரண்டரைக்கு ஓய்ந்துவிடும். கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு இரவுக்கு வெங்காயம் உரிக்கிற நேரம், என்னோடு நிற்கும் அண்ணை கைத்தொலைபேசியை எண்ணெய் ரின்னில் சாய்த்துவைத்துப் பழைய ஜெரி ஸ்பிரிங்கர் நிகழ்ச்சிகளைப் போடுவார். தொண்ணூறுகளில் மொன்றியலுக்கு வந்தவர். எல்லைக்கு அப்பால் பேர்லிங்டன், பிளாற்ஸ்பேர்க் நகரங்களின் அமெரிக்க நிலையங்கள் அப்போது அன்ரெனாவிலேயே இங்கு விழும். பிரெஞ்சும் தெரியாமல் ஆங்கிலமும் தெரியாமல் அறைக்குள் கிடந்த அவருக்கு இந்தப் பகல்நேரச் சண்டைகள்தான் பள்ளிக்கூடம். "வெள்ளைக்காரனும் எங்களைப்போல வேலிச்சண்டை பிடிக்கிறான் எண்டு அப்பதான் தம்பி விளங்கினது" என்பார்.

இதன் வரலாறு சண்டையில் தொடங்கவில்லை. 1967 நவம்பரில் ஒஹையோ மாநிலத்து டேற்றன் நகரில் பில் டொனகியூ தன் நிகழ்ச்சியை ஆரம்பித்தார். முதல் விருந்தினர் மடலின் மரே ஓஹெயர் என்ற நாத்திகர். அதே நேரத்தில் முன்பு நடந்துவந்த வேறொரு நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வைத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் உள்ளே இருத்தினார்கள். இடைவேளையில் அவர்கள் கேட்ட கேள்விகள் தன்னுடையவற்றைவிட நன்றாக இருப்பதைக் கண்டு, டொனகியூ ஒலிவாங்கியோடு அவர்கள் நடுவில் இறங்கினார். வீட்டிலிருக்கும் பெண்களுக்குச் சமையல் குறிப்புப் போதும் என்று மற்றவர்கள் நினைத்த காலம் அது. அந்தப் பெண்களைக் கேள்வி கேட்க வைத்ததை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

1986இல் ஒப்ரா வின்பிரி நாடு முழுவதற்கும் வந்தபின் போட்டி முற்றியது. 1988இல் ஹெரால்டோ ரிவேராவின் அரங்கில் கதிரைகள் பறந்து அவருடைய மூக்கே உடைந்தது. 1995 மார்ச்சில் ஜெனி ஜோன்ஸ் நிகழ்ச்சியில், தன்னை இரகசியமாக விரும்புபவர் தனக்குத் தெரிந்த ஓர் ஆண் என்பதை ஒருவர் சபை நடுவில் வைத்து அறிந்தார். மூன்றாம் நாள் அந்த ஆணைச் சுட்டுக் கொன்றார்.

ஸ்பிரிங்கரின் நிகழ்ச்சி 1991இல் தொடங்கியபோது மரியாதையாக அரசியல்தான் பேசியது. பார்க்க ஆளில்லை. கைகலப்புக்கு மாறிய பிறகு, 1998இல் ஒப்ராவையே முந்தியது. இவர் யார் என்று தேடிப்பார்த்தேன். 1944இல் இலண்டனில், குண்டுக்குப் பயந்து சனம் ஒதுங்கிய ஹைகேற் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் பிறந்திருக்கிறார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து தப்பிய யூத அகதிகள். பாட்டிமார் இருவரும் நாசிகளின் பிடியில் மாண்டவர்கள். சிறுவயதில் நியூயோர்க்குக்கு வந்து, சின்சினாற்றி நகர மேயராகவும் இருந்து, 2023இல் காலமானவர். இதைச் சொன்னபோது அண்ணை கத்தியை வைத்துவிட்டார். "அப்ப பங்கருக்குள்ள பிறந்தவனே?"

எனக்கும் ஒரு சபை வாய்த்தது. என் அகதி விசாரணையில், அண்ணன் ஏன் அப்பாவுடன் கதைப்பதில்லை என்பதைக்கூடச் சொல்லவேண்டி வந்தது. அம்மாவுக்கே தெரியாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அகதி விசாரணை பொதுமக்கள் இல்லாமல் நடக்கவேண்டும் என்பது கனடாவில் சட்டம். கதவு சாத்தியிருந்தது. அதனால்தான் சொன்னேன்.

அதே வருடங்களில் யாழ்ப்பாணத்தில் அம்மா 'சொல்வதெல்லாம் உண்மை'யை விடாமல் பார்த்தா. சீ தமிழ் 2011இல் தொடங்கியது. முதலில் நிர்மலா பெரியசாமியும் பிறகு லட்சுமி ராமகிருஷ்ணனும் நடத்தினார்கள். 2018 யூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வசதியுள்ள வீட்டுச் சண்டை சட்டத்தரணியின் அறைக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் கதிரைக்கு வந்து அழுதவர்கள் பெரும்பாலும் கையில் காசில்லாதவர்கள். டேற்றனில் எழுந்து கேள்வி கேட்டது சாதாரண சனம். இங்கே அதே சனம் கேள்விக்குப் பதில் சொல்ல இருத்தப்பட்டது.

எங்கள் ஊரிலும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த மத்தியஸ்த சபை உண்டு. அதற்குத் தண்டிக்க அதிகாரமில்லை, இரு பகுதியும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு. அங்கேயும் பெண்ணுக்குத்தான் 'பொறுத்துப் போ பிள்ளை' என்பார்கள், மறைக்கமாட்டேன். ஆனால் பார்க்கவந்த சனம் கைதட்டாது.

அண்ணை தன் தம்பியோடு பதினெட்டு வருடமாகக் கதைப்பதில்லை. காணிப் பிரச்சினை. ஒரே ஒரு தரம் அதைச் சொன்னார், தொலைபேசியை நிற்பாட்டிவிட்டு. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. பேரைப் போடாதை" என்றார்.